வெண்டைக்காய்க் காலம் முடிந்த விதம்

அடுக்குப்பாறையில் ஒரு காலம் முடிய வேண்டுமென்றால் யாராவது போய் ஆணி அடிக்க வேண்டும். அந்த வேலை அஞ்சலாட்சியுடையது.

வெளியூர்களில் காலம் தானாகவே முடிந்துகொள்கிறது என்று சொல்கிறார்கள். முப்பது நாளானால் மாதம், பன்னிரண்டு மாதமானால் வருடம். இட்லித் தட்டில் ஊற்றி எடுத்தது போல எல்லாம் ஒரே அளவு. அடுக்குப்பாறைக்காரர்களிடம் இதைச் சொன்னால் மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார்கள். ஒன்றுமே நடக்காத மாதத்துக்கும் ஊரே தலைகீழாகிப் போன மாதத்துக்கும் அதே முப்பது நாள்தானா என்று யாராவது ஒருவர் கேட்பார். ஆமாம் என்று சொன்னால் "அடப் பாவமே" என்று ஒரு டம்ளர் மோர் கொடுப்பார்கள்.

ஊருக்குக் கிழக்கே பழைய சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்று இருக்கிறது. வெட்டியவர்கள் போய்விட்டார்கள், வெட்டிய சுவர் மட்டும் செங்குத்தாக நிற்கிறது. ஊரின் காலங்கள் அந்தச் சுவரில்தான் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன. அடியில் இருப்பது முதல் ஊழி. சுவரில் முக்கால்வாசி அதுதான். மூன்று பனைமர உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கும். அந்த ஊழியில் இங்கே கடல் மட்டும் கிடந்தது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. யாரும் குறை சொல்லவும் இல்லை. அதற்கு மேலே போகப்போக அடுக்குகள் மெலிந்துகொண்டே வரும். குடைக் காலம் ஆளுயரம். வாடகை சைக்கிள் காலம் இடுப்பளவு. கோபக் காலம் ஒரே ஒரு காலை நேரம்தான் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் முதல் முறையாகக் கோபம் வந்தது அன்றைக்குத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் மன்னிப்பு தோன்றிவிட்டதால் உடனே அடுத்த ஆணியை அடிக்க வேண்டியதாயிற்று. அந்த அடுக்கு இரண்டு விரல் கனம்கூட இல்லை, ஆனால் அதன் சிவப்பு தார் ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும்.

இப்படி ஒன்று மலையாகவும் ஒன்று மடிப்பாகவும் இருப்பது பொறுக்காமல், வெளியூரில் படித்துவிட்டு வந்த ஒருவர் சுவரைச் சமமான துண்டுகளாகக் கோடு போட்டுப் பிரித்துப் பார்த்தார். கீழ்த்துண்டுகளில் குடியிருக்க ஆளில்லை. மேல்துண்டு ஒன்றில் ஊர் மொத்தமும் குடையோடும் சைக்கிளோடும் கோபத்தோடும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. முதுகு சொறிந்துகொள்ளக் கை எடுக்க முடியவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே கோடுகளை அழித்தார்.

ஆணி அடிக்க விதிகள் உண்டு. எதுவோ இல்லாமல் போய்விட்டது என்பதற்காகக் காலம் முடிந்துவிடாது; இல்லாமல் போவது அதுபாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். அதுவரை இல்லாத ஒன்று புதிதாகத் தோன்ற வேண்டும். அதுவும் ஒரு மூலையில் தோன்றினால் போதாது. ஊரின் கிழக்குக் கோடியிலும் மேற்குக் கோடியிலும் ஒரே வேளையில் தோன்ற வேண்டும். அதன் தடம் குவாரிச் சுவரில் விழுந்திருக்க வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தால் அஞ்சலாட்சி ஏணியைத் தூக்கிக்கொண்டு போய், தடம் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளை ஆணியை அடிப்பாள். டங்கென்ற சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். கேட்டவர்கள் எல்லோரும் அடுத்த காலத்துக்கு வந்துவிடுவார்கள்.

இந்த வேலைக்கு ஆள் எடுத்தபோது பஞ்சாயத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். ஒரு பாட்டின் நீளம் எவ்வளவு என்று கேட்டார்கள். வந்திருந்த மற்றவர்கள் நிமிடக் கணக்கு சொன்னார்கள். அஞ்சலாட்சி, "பாட்டு முடியற வரைக்கும்" என்றாள். உடனே சுத்தியலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவளும் அதை வாங்கிய நாளிலிருந்து ஓர் ஆணியைக்கூடக் கோணலாக அடித்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கூச்சமும் கிடையாது.

இப்போது நடப்பது வெண்டைக்காய்க் காலம். கிழக்கே ஒரு கொல்லையிலும் மேற்கே ஒரு கொல்லையிலும் ஒரே விடியலில் முதல் வெண்டைக்காய் காய்த்தது. அதிலிருந்து அந்தப் பெயர். ஆரம்பத்தில் எல்லோரும் சந்தோஷமாக வதக்கிச் சாப்பிட்டார்கள். இந்தக் காலம் இவ்வளவு நீளும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

நீண்டதால் கஷ்டம் செந்தாமரைக்குத்தான். செந்தாமரை அஞ்சலாட்சியின் தங்கை. அடுக்குப்பாறையில் ஒரு காலத்துக்குள்ளே யாரும் வளர்வதில்லை, நரைப்பதில்லை, பெறுவதில்லை, சாவதும் இல்லை. அதெல்லாம் ஆணிச் சத்தம் கேட்கும் அந்த ஒரு நொடியில் நடந்து முடியும். முந்தின காலத்தில் முழுகாமல் இருந்தவள், வெண்டைக்காய் ஆணியின் சத்தம் கேட்டதும் நிறைமாதமானாள். அடுத்த ஆணிக்குப் பிள்ளை பிறக்க வேண்டும். அடுத்த ஆணிதான் வரவில்லை. வெண்டைக்காய்க் காலம் முழுக்க அவள் நிறைமாதமாகவே இருந்தாள். மல்லாந்து படுக்க முடியவில்லை, ஒருக்களித்தால் இடுப்பு விட்டுப்போகிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவாள். தூக்கம் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்.

உள்ளே இருந்த குழந்தை வளரவில்லையே தவிர, சும்மா இருக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பேசக் கற்றுக்கொண்டது. பிறகு வாய்ப்பாடு கற்றுக்கொண்டது. எந்த வீட்டில் என்ன குழம்பு என்று வாசனையை வைத்தே சொல்லும்.

"அம்மா, மஞ்சள்னா என்னா?" என்று வயிற்றுக்குள்ளிருந்து கேட்கும்.

"வெளிய வந்து பாரு" என்பாள் செந்தாமரை.

"எப்ப வர்றது?"

"பெரியம்மாவக் கேளு."

குழந்தை பெரியம்மாவைக் கேட்கும். அஞ்சலாட்சி, "இந்தா வந்துடும்டா தங்கம்" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு நடுக்கமும் இருக்காது. ஆனால் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் குவாரிப் பக்கம் திரும்பி, சுவரை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போவாள். தங்கையின் கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கருவளையத்தைப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது. இந்தக் காலத்தை முடிக்காவிட்டால் தங்கை முடிந்துவிடுவாள் என்று தோன்றியது. காலத்துக்குள் யாரும் சாவதில்லை என்பதுகூட ஆறுதலாக இல்லை.

காலம் நீண்டதற்குக் காரணம் ஊர்த் தலைவர் குலோத்துங்கன். அடுக்குப்பாறையில் தலைவர் பதவி ஒரு காலத்துக்கு. குடைக் காலத்துத் தலைவர் ஆள் உயரத்துக்கு ஆண்டார். கோபக் காலத்துத் தலைவர் மாலையைக் கழற்றுவதற்குள் இறங்கிவிட்டார். குலோத்துங்கன் கெட்டவர் அல்ல. தெருவிளக்கு எரியும், சாக்கடை ஓடும், யாரையும் ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டார். அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு ஆசை, இறங்கக் கூடாது. புதிதாக ஒன்றும் தோன்றாவிட்டால் காலம் முடியாது. காலம் முடியாவிட்டால் இறங்க வேண்டியதில்லை. எனவே ஊரின் கிழக்கு வாயிலிலும் மேற்கு வாயிலிலும் செக்போஸ்ட் வைத்தார். புதிதாக எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

கிழக்கு செக்போஸ்டில் காவலுக்கு இருந்தவர் சாமிக்கண்ணு. அவரிடம் தட்டு போட்டு மூடிய மண்பானைகள் வரிசையாக இருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் புதுச் சிரிப்பு, புதுத் தும்மல், புதுச் சந்தேகம் எல்லாவற்றையும் வாங்கிப் பானையில் போட்டு மூடிவிடுவார். திரும்பிப் போகும்போது அவரவருடையதை அவரவரிடம் கொடுத்துவிடுவார். மாற்றிக் கொடுத்தார் என்ற பேச்சே கிடையாது. செந்தாமரையின் கணவன் இளவழகன் டிப்பர் லாரி ஓட்டுகிறவன். பிள்ளைக்காக ஒவ்வொரு நடைக்கும் ஒரு புது மெட்டைச் சீட்டியடித்துக்கொண்டே வருவான். செக்போஸ்டில் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பழைய பாட்டையே பாடிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவான். அடுத்த நாள் வேலைக்குப் போகும்போதும் அதை எடுத்துக்கொள்ளாமல், பிள்ளைக்கென்று பானையிலேயே விட்டுவிட்டுப் போவான்.

அஞ்சலாட்சி தேடாத இடமில்லை. ஒருநாள் கிழக்குக் கோடியில் ஓர் ஆட்டுக்குட்டி சிரித்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேற்குக் கோடிக்கு ஓடினாள். அங்கிருந்த ஆடுகள் துக்க வீட்டுக்கு வந்தவை போல அசை போட்டுக்கொண்டிருந்தன. இன்னொரு நாள் மேற்கே ஒருத்தி ரசத்தில் சர்க்கரை போட்டாள். கிழக்கே யாருக்கும் அந்தத் துணிச்சல் இல்லை. கொஞ்ச நாள் கழித்து இரண்டு கோடியிலும் ஒரே வேளையில் ஒரு புது மாதிரிக் கொட்டாவி தோன்றியது. மூன்று மடிப்பாக வந்து கடைசியில் விக்கலில் முடிகிற கொட்டாவி. ஆசை ஆசையாகக் குவாரிக்குப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தாள். கொட்டாவி கல்லில் தடம் விடுவதில்லை.

"சும்மா ஒரு ஆணிய அடிச்சுடேன்க்கா" என்றாள் செந்தாமரை ஒருநாள். "யாருக்குத் தெரியப் போவுது?"

"அடிச்சா சத்தம் கேக்காதுடி."

"கேட்டா?"

"எனக்கு முந்தி இருந்தவரு அப்படித்தான் அடிச்சாரு. பையன் கல்யாணத்துக்கு அவசரம்னு."

அது ஊருக்கே தெரிந்த விஷயம். அந்த ஆணியின் சத்தம் அடித்தவருக்கு மட்டும்தான் கேட்டது. அவர் மட்டும் தனியாக, ஊர் வராத ஒரு காலத்துக்குப் போய்விட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவர் மனைவி தினமும் குவாரி ஓரத்தில் சாப்பாடு வைத்துவிட்டு வருகிறாள். தட்டு காலியாகத் திரும்பி வருகிறது, கழுவித்தான் வைத்திருப்பார்.

"உன் புள்ள அங்க போய்த் தனியா நிக்கணுமா?" என்றாள் அஞ்சலாட்சி.

செந்தாமரை அழுதாள். அழுதுகொண்டே வயிற்றைத் தட்டிக் கொடுத்தாள். அஞ்சலாட்சிக்கும் அழுகை வந்தது, ஆனால் இரண்டு பேரும் அழுதால் யார் ஏணி தூக்குவது என்று அடக்கிக்கொண்டாள்.

"இந்தக் காலத்த நான் முடிச்சுக் காட்டறேன். நேர்மையா முடிச்சுக் காட்டறேன். நீ பாரு" என்றாள்.

"நானும் பாக்கறேன் பெரியம்மா" என்றது குழந்தை.

மறுநாள் குழந்தைக்கு அப்பாவின் லாரிச் சத்தத்தைக் கிட்டத்தில் கேட்க வேண்டும் என்று ஆசை வந்தது. அக்காவும் தங்கையும் கிழக்கு வாயில் வரை நடந்து போனார்கள். செக்போஸ்டில் குறுக்கே சுண்ணாம்பு அடித்த மூங்கில் கட்டை கிடந்தது. மற்றவர்கள் குனிந்து போய்விடுவார்கள். செந்தாமரையால் குனிய முடியாது. கவனிக்காமல் நடந்ததில் கட்டை அவள் வயிற்றில் லேசாக இடித்தது.

"யாரு அது?" என்றது குழந்தை உள்ளிருந்து.

"கட்டைடா. ஒண்ணுமில்ல" என்று வயிற்றைத் தேய்த்துவிட்டுக்கொண்டு செந்தாமரை அலுத்துக்கொண்டாள். "எனக்கு வயிறு பெருசான புதுசுல இந்தக் கட்டையே இல்லக்கா. நேரா நடந்து போவேன். இப்ப சாமிக்கண்ணு அண்ணன் எழுந்து வந்து தூக்கற வரைக்கும் நிக்க வேண்டியிருக்கு."

சாமிக்கண்ணு எழுந்து வந்து கட்டையைத் தூக்கினார். அஞ்சலாட்சி அசையவில்லை. அதற்கு அடியிலேயே நின்று அண்ணாந்து அதைப் பார்த்தாள்.

"சாமிக்கண்ணு அண்ணே, இத எப்ப வச்சீங்க?"

"ஒரு காலையில வச்சோம். ஒரே மூங்கில ரெண்டா வெட்டி, இங்க ஒண்ணு, மேக்கால ஒண்ணு. ரெண்டு பக்கமும் ஒண்ணா நடணும்னு தலைவரு சொல்லிட்டாரு. அந்தாண்ட நடறப்பவே விசில் அடிச்சாங்க, இந்தாண்ட நான் நட்டேன்."

"அதுக்கு முன்னாடி ஊருல எங்கயாவது எதையாவது தடுத்திருக்கமா?"

சாமிக்கண்ணு யோசித்தார். "மழைக்கு வேணா ஜன்னல சாத்துவோம்."

"மழை புதுசு இல்லையே."

"அது சரி" என்றார் சாமிக்கண்ணு.

அஞ்சலாட்சி தங்கையை அங்கேயே ஒரு பானைமேல் உட்கார வைத்துவிட்டுக் குவாரிக்கு நடந்தாள். ஓடவில்லை. சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவள் ஓடுவதில்லை. சுவரின் உச்சியில், வெண்டைக்காய்க் காலத்தின் பச்சை அடுக்குக்கு மேலே, நூல் பிடித்தது போல ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. மூங்கிலுக்கு அடித்த சுண்ணாம்பு. இத்தனை நாளும் அதைச் சாதாரணக் கல் வெளுப்பு என்று நினைத்து ஒதுக்கியிருந்தாள். தன்மேலேயே கோபம் வந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். வெள்ளைக் கோட்டுக்கு மேலே கண்ணை ஓட்டினால் ஒரு கரிய கோடு தெரிந்தது. பானைகளின் அடிக்கரி. இரண்டு செக்போஸ்டுக்கும் ஒரே வேளையில்தான் பானைகள் வந்து இறங்கின. அதற்கும் மேலே, தேய்ந்து பளபளப்பாக இன்னொரு கோடு. அது கால் தடம். பானையில் போட்டு வாங்க ஆள் சேர்ந்ததும் கிழக்கிலும் மேற்கிலும் ஜனங்கள் வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் பின்னால் ஒருவராக வரிசையில் நின்றார்கள். அதுவரை அடுக்குப்பாறையில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் வட்டமாகத்தான் நிற்பார்கள்.

ஆக, ஒரே காலம் என்று ஊர் நம்பிக்கொண்டிருந்தது உண்மையில் பல காலங்கள். முடிந்துபோனதை முடிந்துவிட்டது என்று சொல்ல ஆளில்லாமல்தான் இழுத்துக்கொண்டு கிடந்தது.

ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார்கள், தலைவரைக் கூட்டிவந்தார்கள். குலோத்துங்கன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரை நிதானமாகப் பார்த்தார்.

"புதுசு வரக் கூடாதுன்னு வச்சது எப்படிம்மா புதுசாவும்?" என்று கேட்டார்.

"அதுக்கு முன்னாடி அப்படி ஒண்ண யாரும் வச்சதில்லீங்களே."

"ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துலயா வச்சோம்?"

"நீங்கதான் விசில் அடிக்கச் சொன்னீங்க."

குலோத்துங்கன் வெள்ளைக் கோட்டை இன்னொரு முறை அண்ணாந்து பார்த்தார். விதி என்றால் விதி என்பதில் அவருக்கு இரண்டு கருத்து கிடையாது. அவர் முகம் வாடியதை அஞ்சலாட்சி பார்த்தாள், பாவமாகத்தான் இருந்தது. பிறகு அவர் குனிந்து ஏணியின் அடிக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏறும்மா. வழுக்கும், பாத்து."

அஞ்சலாட்சி ஏறினாள். இடுப்புப் பையில் ஆணிகளும் கையில் சுத்தியலும் இருந்தன. வெள்ளைக் கோடு தொடங்கும் இடத்தில் முதல் ஆணியை வைத்து ஒரே அடி அடித்தாள்.

டங்.

சத்தம் ஊரின் மேல் போய்த் திரும்பி வந்தது. அஞ்சலாட்சியின் வலது காதோரம் முடி நரைத்தது. கிழக்கு வாயிலிலிருந்து சாமிக்கண்ணுவின் குரல் கேட்டது: "பொறந்துடுச்சு! பொம்பளப் புள்ள!" வலி இருந்ததா என்று பிற்பாடு செந்தாமரையிடம் கேட்டபோது, அந்தச் சத்தம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய வலி, அவ்வளவு சின்ன நேரம் என்று சொன்னாள்.

அடுத்து பானையின் கரிக்கோடு. டங். தடுப்புக் காலம் முடிந்து பானைக் காலம் வந்தது. குழந்தை எழுந்து நடந்தாள். ஊர் முழுக்கப் பிள்ளைகளின் சட்டைகள் அக்குளில் பிரிந்தன. இரண்டு கிழவர்கள் நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் விடைபெற்றுக்கொண்டு, சுடுகாட்டை நோக்கி நடந்தார்கள். அதில் ஒருவர் திரும்பி வந்து, அடுப்பில் பால் இருக்கிறது என்று மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு கால் தடக் கோடு. டங். வரிசைக் காலம். குழந்தை கதவின் நடுத் தாழ்ப்பாள் உயரத்துக்கு வளர்ந்தாள். அஞ்சலாட்சியின் இடது பக்கமும் நரைத்தது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த குலோத்துங்கனுக்கு மீசை வெளுத்தது. ஆணிகள் இரண்டு விரல் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பளபளத்தன. மூன்றும் நேராக இருந்தன.

அவள் இறங்கி வந்ததும் குலோத்துங்கன் கையைத் தட்டிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப நான் தடுப்பு வச்ச அன்னைக்கே எறங்கிட்டனா?"

"ஆமாங்க."

"அதுக்கப்புறம் ஊருக்குத் தலைவரு யாரு?"

"யாரும் இல்லீங்க."

"இத்தினி நாளும் ஊரு தானாவா நடந்துச்சு?"

"தானாத்தான்."

அவர் குவாரி விளிம்பில் நின்று ஊரைப் பார்த்தார். தெருவிளக்குக் கம்பங்கள் நேராக இருந்தன. சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது. "நல்லாத்தான் நடந்திருக்குது" என்று சொல்லிவிட்டு, ஏணியின் ஒரு முனையைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

செந்தாமரையின் வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. புது வழக்கப்படி வாசலிலிருந்து வரிசையாக நின்றார்கள். குழந்தை வீடு முழுக்கச் சுற்றிவந்து, அதுவரை குரலாகவும் வாசனையாகவும் மட்டும் தெரிந்தவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மஞ்சள் பொடி டப்பாவைத் திறந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு பேச்சு" என்றாள். அஞ்சலாட்சியிடம் வந்து அவளுடைய நரைத்த முடியைப் பிடித்து இழுத்தாள்.

"பெரியம்மா, நீ சொன்ன மாதிரியே முடிச்சுட்ட."

அஞ்சலாட்சி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இடுப்பில் வைக்கிற வயதைத் தாண்டிவிட்ட பிள்ளை. கால் தரையைத் தொட்டது. ஆனாலும் வைத்துக்கொண்டாள். இவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இளவழகன் லாரியை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். அவனோடு சாமிக்கண்ணு ஒரு பானையைச் சுமந்துகொண்டு வந்தார். தட்டை எடுத்ததும் இத்தனை நடையின் சீட்டி மெட்டுகள் எல்லாம் ஒன்றாக வெளியே வந்து கூடத்தில் சுற்றின. குழந்தை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, பிடிக்காத இரண்டை மட்டும் அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தாள். இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் யாரோ செந்தாமரையைத் தேடினார்கள். அவள் உள்ளறைக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். இரண்டு கையையும் இரண்டு பக்கமும் விரித்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் கதவோரத்தில் நின்று பார்த்தார்கள். இளவழகன் அஞ்சலாட்சியின் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தான்.

"இத என்னான்னு வச்சுக்கறது அண்ணி? காலமா?"

அஞ்சலாட்சி தங்கையைப் பார்த்தாள். மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருந்தது.

"ஊழி" என்றாள்.

அவ்வளவுதான். வாசலில் வரிசையில் நின்றவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். ஊழி என்றால் ஒன்றும் நடக்கக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே கரைந்துகொண்டிருந்த காக்கை பாதியில் நிறுத்தியது. மெட்டுகள் பானைக்குள் தாமாகவே திரும்பிப் போய் உட்கார்ந்தன. மத்தியான வெயில் கட்டிலின் ஓரத்துக்கு வந்து, அவள் முகத்தில் விழாதபடி அங்கேயே நின்றுவிட்டது.

அதன் பிறகு, முதல் ஊழியில் கிடந்தது போலவே கிடக்கக் கடல் வந்தது. கிழக்கு ரோடு வழியாக வந்து, தெருவில் திரும்பி, வாசற்படியேறி, கூடத்தைத் தாண்டி உள்ளறைக்குள் நுழைந்தது. சத்தமில்லாமல்தான் வந்தது. தண்ணீர் முழங்காலுக்கு ஏறியதும் கட்டில் மிதக்க ஆரம்பித்தது. செந்தாமரை தலையணையை இழுத்துச் சரிசெய்துகொண்டு மறுபடியும் தூங்கினாள். குழந்தை அம்மாவின் காலடியில் ஏறி உட்கார்ந்தாள். கட்டில் வேறெங்காவது போய்விடாமல் அதன் ஒரு காலை அஞ்சலாட்சி பிடித்துக்கொண்டாள். இன்னொன்றை இளவழகன் பிடித்தான். மற்ற இரண்டையும் சாமிக்கண்ணுவும் குலோத்துங்கனும் பிடித்துக்கொண்டார்கள். கடல் எவ்வளவு காலம் இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. மீன்கள் அந்தப் பக்கமாகப் போகும்போது மட்டும் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.